வாகன வினா-விடை: மூன்றாவது கொயில் தேவையா?

கேள்வி: தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த என் தகப்பனார் வாங்கிய 1966ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். பனிமூட்டம் இறங்கிய காலைகளில் ஸ்டார்ட்டர் மோட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றுவதில்லை. வேறு சில நாட்களில், கினிகத்தேனையிலிருந்து ஏறி வந்து ஹட்டனில் நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினால் கிளம்ப மறுக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஒரு வருடத்துக்குள் பற்றரி, நான்கு பிளக்குகள், ஒரு கொண்டென்சர், இரண்டு கொயில்கள் மாற்றியாயிற்று. கராஜில் இப்போது மூன்றாவது கொயில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். கொயில் என்பது பற்றரியின் 12 வோல்ட்டைப் பிளக்கில் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தித் தரும் பாகம். உங்கள் கடிதத்தைப் படித்தால், இரண்டு வேறு கோளாறுகள் ஒரே பெயரில் கராஜுக்குப் போய்வருவதாகத் தெரிகிறது. ஈரத்தில் கிளம்பாததற்கும் சூட்டில் கிளம்பாததற்கும் காரணம் ஒன்றாக இருப்பது அபூர்வம். அதுமட்டுமின்றி, கராஜின் வாசலுக்கு வரும்போது உங்கள் கார் ஓடிக்கொண்டுதான் வருகிறது. ஓடுகிற காரில் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்? அனுமானத்தில் ஒரு பாகத்தை மாற்றுகிறார், இரண்டு வாரம் வெயில் அடிக்கிறது, கோளாறு தீர்ந்ததென்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். ஆகவே சோதனை, கார் நின்றுபோன இடத்திலேயே, அது மறுக்கிற அந்த நிமிடத்திலேயே நடக்க வேண்டும். அதற்கு, இரண்டு வயர் பொருத்திய சிறிய 12 வோல்ட் பல்ப் ஒன்றும் கைப்பிடியில் ரப்பர் போட்ட பிளையர் ஒன்றும் எப்போதும் காரில் இருந்தால் போதும்.

அடுத்த முறை மறுக்கும்போது, பெற்றோல் கசிவோ வாடையோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) நடுவுக்குப் போகும் தடித்த வயரை டிஸ்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, அதன் உலோக முனையைப் பிளையரால் எஞ்சின் இரும்புக்கு 6 மில்லிமீற்றர் தூரத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில், சடசடவென்று சத்தத்துடன் பொறி பாய்ந்தால் கொயிலும், பொயின்ட்டும் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, கொயிலின் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனை), அது கருகாமல் காக்கும் கொண்டென்சரும் நிரபராதிகள். பொறி இல்லையென்றால், பல்பின் ஒரு வயரை காரின் உடலிலும் மற்றதைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரின் முனையிலும் (அதைக் கழற்றாமலே) வைத்து, சாவியைத் திருப்பிவிட்டு, எஞ்சினை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: பொயின்ட் திறந்திருக்கும்போது பல்ப் எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். அணையாமலே எரிந்தால் பொயின்ட் அழுக்கடைந்திருக்கிறது, அல்லது டிஸ்ரிபியூட்டருக்குள் ஒரு வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் சாவியிலிருந்து மின்சாரம் வரவில்லை, அல்லது கொயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது, அல்லது கொண்டென்சரோ பொயின்ட்டின் காப்பு வளையமோ எர்த் ஆகியிருக்கிறது (காரின் உடலோடு மின்தொடர்பு ஏற்பட்டிருக்கிறது). பல்ப் ஒழுங்காக எரிந்து அணைந்தும் பொறி வரவில்லையென்றாலும் கொயிலின் மீதும் கொண்டென்சரின் மீதும் சந்தேகப்பட நியாயம் உண்டு.

பனிக்காலைக் கோளாற்றில் என் சந்தேகம் டிஸ்ரிபியூட்டர் மூடியின் மேல்தான். அதைக் கழற்றி, சுத்தமான துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பித்தளை முனையிலிருந்து அடுத்த முனைக்குப் பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே ஓடிவிடுகிறது. துடைத்துக் காயவைத்தால் அன்றைக்குக் கார் கிளம்பும், ஆனால் கோடு அழியாது. மூடியை மாற்ற வேண்டியதுதான். வட்டவளைப் பக்கத்து மழைக்குப் பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இரவில் விளக்கில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு பொன்னட்டைத் திறந்தால், பழைய பிளக் வயர்களின் மேல் நீலப் புழுக்கள் நெளிவதுபோல் மின்சாரம் கசிவதையும் காணலாம்.

இதனுடன் சேர்த்து ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் கார் கம்பெனியிலிருந்து வந்தபோது பற்றரியின் கூட்டல் முனைதான் எர்த்தாக இருந்தது. பழைய கொயில்களில் எஸ்டபிள்யூ (சாவிப் பக்கம்), சிபி (பொயின்ட் பக்கம்) என்று குறித்திருப்பார்கள்; இப்போது கிடைப்பவற்றில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். இன்றைய கார்களுக்குப் பழகிய கை, கூட்டல் முனையைச் சாவிப் பக்கம் மாட்டிவிடும். கூட்டல் எர்த் உள்ள காரில் அது டிஸ்ரிபியூட்டர் பக்கம் போக வேண்டும். மாறிப்போனாலும் கார் ஓடும்; ஆனால் பிளக்கில் பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படும், ஈரமான காலையில் அந்தக் குறை வெளிப்படும். கொயில் மாற்றிய பிறகும் காலைத் தொல்லை குறையாததற்கு இதுவே காரணமாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

ஏற்றத்துக் கோளாறு வேறு. நிறுத்திய எஞ்சினில் விசிறிக் காற்று நின்று, சூடு பொன்னட்டுக்குள் தேங்குகிறது. உயரம் கூடக்கூட பெற்றோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பிளேன்டீ முடிந்து வந்து மறுக்கும்போது முன் சொன்ன பொறிச் சோதனையைச் செய்யுங்கள். பொறி நன்றாக இருந்தால் பொறி தரும் பாகங்களை விட்டுவிட்டு, பொன்னட்டுக்குள் பின்சுவரில் உள்ள, பெற்றோலை இழுத்துத் தரும் எஸ்யூ மின்பம்பைக் கவனியுங்கள்: சாவியைத் திருப்பியதும் சில தடவை டிக் டிக் என்று அடித்து அது ஓய வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் குழாயில் ஆவியோ காற்றோ நிற்கிறது. கார்பரேட்டரில் பெற்றோல் இல்லாதபோதும் ஒரு டிக் கூட வராமல், ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் பம்பின் சொந்தப் பொயின்ட் தேய்ந்திருக்கிறது.

பொறி இல்லையென்றால், டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் அந்தச் சாண் நீளம்கூட இல்லாத வயரைப் பாருங்கள். வெற்றிட அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்பப் பொறி பாயும் நேரத்தை மாற்றும் கருவி) அசைக்கும் தட்டுடன் சேர்ந்து அதுவும் ஒவ்வொரு பயணத்திலும் வளைந்து நிமிர்கிறது. வெளி உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. என்னுடைய பழைய காரில் ஒரு மழைக்காலம் முழுவதும் இதைத் தேடினேன். கடைசியில் பிளையரால் இலேசாக இழுத்தபோது, செம்பு வயர் போல் விறைக்காமல், உறை ரப்பர் பட்டி போல் நீண்டது. மாற்ற ஆன செலவை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதை மாற்றும்போதே பொயின்ட் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கும் பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கும் சரிசெய்துகொள்ளுங்கள். கழற்றிய கொயில்களை வீசியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒன்றாவது நல்லதாகவே இருக்கும்.

கேள்வி: என் பழைய டட்சன் சன்னி கார், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பற்றிக்கொள்கிறது, கையை விட்டதும் அணைந்துவிடுகிறது. பெற்றோல் பிரச்சினையா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: பெற்றோல் அல்ல. கொயிலுக்கு அருகில் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது கொயிலுக்கு மின்சாரம் நேராகவும், கையை விட்டதும் இந்தத் தடையின் வழியாகவும் வருகிறது; தடை அறுந்திருந்தால் நீங்கள் சொன்னபடியேதான் நடக்கும். தடை நன்றாக இருந்தால் சாவி சுவிட்ச்சை மாற்றிப் பாருங்கள். தடை அறுந்திருந்தால், அவசரத்துக்கு அந்தத் தடையின் குறுக்கே வயர் போட்டு வீடு வந்து சேரலாம், ஆனால் அப்படியே விட்டுவிட்டால் கொயில் சூடேறும், பொயின்ட் கருகும். புதிய தடை வாங்கும்போது, அதன் ஓம் அளவு உங்கள் கொயிலுக்குப் பொருந்துகிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.