மருமகள் நடிக்கவில்லை

கேள்வி: என் மருமகளுக்கு 29 வயது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று போன வருடம் டாக்டர் சொன்னார். காலையில் ஓடியாடி வேலை செய்கிறாள். பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றால் கண் மங்குகிறது, கால் துவள்கிறது என்று படுத்துவிடுகிறாள். சாயங்காலம் மறுபடி நன்றாக இருக்கிறாள். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லையாம். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார் என் நாத்தனார். எதை நம்புவது?
– ஒரு மாமியார், சாத்தூர்

பதில்: அம்மா, அவள் நடிக்கவில்லை. இதே நோயோடு 2004-லிருந்து குடித்தனம் நடத்துகிறவள் சொல்கிறேன்.

அப்போது நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒருநாள் வலது கண்ணை மூடிப் பார்த்தால் என் சிவப்புப் புடவை வெளுத்த செங்கல் நிறத்தில் தெரிந்தது. இடது கண்ணை மூடினால் பழையபடி சிவப்பு. கண்ணாடி மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்வை நரம்பில் வீக்கம் என்று தெரிவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு இவற்றில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அரித்துவிடுவதுதான் எம்.எஸ். கரன்ட் வயரின் ரப்பர் உரிந்த மாதிரி என்பார்கள் டாக்டர்கள். சரி, வைத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் இருப்பது வெயிலில்.

உறை உரிந்த நரம்பு, உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே தடுமாறும். சூடு இறங்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். புதிதாக எந்தச் சேதமும் இல்லை, அதனால்தான் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். ஸ்கேன் வராத காலத்தில், சந்தேகம் இருப்பவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் சோதித்ததும் உண்டு.

எனக்கு அந்தச் சோதனை ஒரு தீபாவளி விடியற்காலையில் என் வீட்டுக் குளியலறையிலேயே நடந்தது. எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க நாலு சொம்பு ஊற்றிக்கொண்டேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் என்னுடையவை இல்லை. அத்தை கதவைத் தள்ளித் திறந்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டு, ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்தார். ஒரு மணி நேரத்தில் நானே நடந்து போய் லேகியம் சாப்பிட்டேன். பார்த்தவர்களுக்கு அதுவும் நாடகமாகத்தான் தெரிந்திருக்கும்.

சாத்தூர் வெயிலில், அதுவும் கத்திரியில், கேஸ் அடுப்புக்கு முன்னால் நிற்பதை யோசித்துப் பாருங்கள். சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடிக்க விடுங்கள். அடுப்பருகே ஒரு ஸ்டூல் போடுங்கள். குளிக்க வெந்நீர் வேண்டாம். ஏ.சி. வாங்க முடிந்தால் வாங்குங்கள், அவளுக்கு அது ஆடம்பரமில்லை. களைப்பும் இந்த நோயில் தனி ரகம், தூங்கி எழுந்தாலும் போகாது.

ஒன்றில் மட்டும் கவனம். குளிர்ந்த இடத்தில் இருந்தும் மங்கலோ மரத்துப்போவதோ ஒரு நாளைத் தாண்டி நீடித்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும். புதிய தாக்குதலாக இருக்கலாம். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோகூட இப்படிப் படுத்தும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தை மடித்துக் கொடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு எம்.எஸ். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? குழந்தைக்கும் வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். இது தொற்றுவதில்லை. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வரலாம், அவ்வளவுதான். கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் தாக்குதல்கள் குறையும், பிரசவம் ஆன முதல் மூன்று மாதங்களில் கூடும். அந்த மூன்று மாதமும் இரவில் குழந்தையைத் தூக்க நீங்கள் எழுந்திருங்கள். சில மருந்துகளை முன்கூட்டியே மாற்றவேண்டியிருக்கும், எனவே முடிவெடுக்கும் முன்பே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எம்.எஸ். உள்ள நண்பனைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: ‘பார்த்தா நல்லாத்தானே இருக்கே’ என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அவர் அலைந்துகொண்டிருந்தால் கூடப் போங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது, ஆனால் வரிசையில் நிற்கத்தான் அவரால் முடியாது. போகும்போது ஆப்பிள் வேண்டாம், எங்கள் எல்லார் வீட்டிலும் அது அழுகிக் கிடக்கிறது. இளநீர் வாங்கிப் போங்கள்.