ஐ.சி.யு.வில் இறுதிக் கட்டத்தை அறிவது எப்படி? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பிற ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐ.சி.யு.) நெடுங்காலம் பணியாற்றி, இப்போது நோயாளியின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் ஈடுபட்டிருக்கும் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (சாட்ஸ்வொர்த், ஒரு மகள்): வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 74 வயது. நிமோனியா முற்றி, ஒன்பது நாள்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். காலையில் வரும் மருத்துவர் "நிலையாக இருக்கிறார்" என்கிறார். மாலையில் வருபவர் "நிலைமை மிக மோசம்" என்கிறார். அம்மாவின் கன்னத்தைத் தொட்டால் சூடாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, திரையில் எண்களும் சரியாகத்தான் தெரிகின்றன. அவர் பிழைப்பாரா, இறந்துகொண்டிருக்கிறாரா என்பதை எதை வைத்துச் சொல்வது?

பதில்: இரண்டு மருத்துவர்களும் பொய் சொல்லவில்லை, அம்மா. வீட்டில் ஒருவருக்கு இறுதி நெருங்கும்போது சாப்பாடு குறையும், உறக்கம் கூடும், மூச்சு நின்று நின்று வரும், சிறுநீர் குறையும், கைகால்கள் குளிரும். நம் தாத்தா, ஆயா காலத்தவர்கள் இந்த அறிகுறிகளைப் பார்த்தே உறவினருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஐ.சி.யு.வில் இவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை. மூச்சை வென்டிலேட்டர் நடத்துகிறது. இரத்த அழுத்தத்தை நோராட்ரினலின் என்ற மருந்து தாங்கிப் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வேலையை டயாலிசிஸ் பார்த்துக்கொள்கிறது. மயக்க மருந்து கொடுத்திருப்பதால், நினைவு தானாகத் தவறியதா மருந்தால் மறைந்திருக்கிறதா என்பதும் புரிவதில்லை. ஆகவே "நிலையாக இருக்கிறார்" என்பதற்குப் பெரும்பாலும், எண்கள் மாறவில்லை என்பது மட்டுமே பொருள்.

நாங்கள் பார்ப்பது அந்த எண்ணை விட, அதைக் காப்பாற்றுவதற்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைத்தான். மூன்று நாள்களுக்கு முன்பு 40 விழுக்காடு ஆக்சிஜன் போதுமானதாக இருந்து, இன்று 80 விழுக்காடு தேவைப்படுகிறதென்றால், திரையில் காணும் எண் மாறாவிட்டாலும் நுரையீரல் பின்வாங்குகிறது. நோராட்ரினலின் அளவு ஏறிக்கொண்டே போவது, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட் இறங்க மறுப்பது, நுரையீரலைத் தொடர்ந்து சிறுநீரகம், கல்லீரல் என ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழப்பது, மயக்க மருந்தைக் குறைத்த பிறகும் விழிப்பு வராதது ஆகியவை சேர்ந்து வரும்போது எங்கள் கவலை கூடும். நோய்க்கு முன்பு அம்மா எப்படி இருந்தார் என்பதும் இவற்றுக்கு இணையாக முக்கியம். துணையின்றிக் குளியலறைக்குப் போய்வந்தாரா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்? ஏற்கெனவே தளர்ந்துபோன உடலுக்கு இத்தகைய நோயிலிருந்து மீளும் கையிருப்பு மிகக் குறைவு.

அபாச்சி, சோஃபா என்ற மதிப்பெண் முறைகளும் உள்ளன. ஒரே மாதிரியான நூறு நோயாளிகளில் ஏறக்குறைய எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதை அவை சொல்லும். உங்கள் அம்மா அந்த நூறு பேரில் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லா. அந்த எண்ணைக் கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அனுபவத்தில், மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவர்கள் பெரும்பாலும் தாதியர்தான். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது போர்வையை விலக்கி முழங்காலைப் பார்ப்பார்கள். அங்கே வலைப்பின்னல் போல ஊதா நிறம் படர்ந்திருந்தால், விரலால் அழுத்தி விட்டுவிட்டு, வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார்கள். மூன்று நொடிக்கு மேல் ஆனால் தோலுக்கு இரத்தம் போதிய அளவு வரவில்லை. இரத்த அழுத்தம் திரையில் அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே முழங்கால் வேறு கதை சொல்லலாம்.

நாளை மருத்துவரிடம் "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்காமல், "மூன்று நாள்களுக்கு முன்பு கொடுத்த உதவியை விட இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறதா, குறைவாகவா?" என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு, "இந்த முறை அம்மா இறந்துபோனால் உங்களுக்கு அது வியப்பாக இருக்குமா?" என்றும் கேளுங்கள். கேட்பதற்கு மனம் வராத கேள்விதான். ஆனால் பூசி மெழுகாத பதில் கிடைப்பது இதற்குத்தான்.

அதே மகள்: உறுதியாகத் தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். எப்போது உறுதியாகத் தெரியும்?

பதில்: பல நேரங்களில் கடைசி சில மணி நேரம் வரை தெரியாது. அதனால்தான் கால வரையறையுடன் கூடிய சிகிச்சை என்ற முறையைக் கையாளுகிறோம். மூன்று முதல் ஐந்து நாள்கள் வரை எல்லா முயற்சியும் செய்வோம், இன்னின்ன மாற்றங்கள் தெரிந்தால் தொடர்வோம், தெரியாவிட்டால் மீண்டும் உட்கார்ந்து பேசுவோம் என்று குடும்பமும் மருத்துவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது அது. வலி, மூச்சுத்திணறல், தாகம், அச்சம் ஆகியவற்றைத் தணிப்பதற்கு அந்த உறுதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிழைக்கப்போகிறவருக்கும் வலி வலிதான்.

கேள்வி (பீனிக்ஸ், ஒரு மகன்): நோய்த்தணிப்புக் குழுவை அழைக்கப்போவதாகச் சொன்னார்கள். அப்பாவைக் கைவிட்டுவிட்டார்கள், படுக்கை வேறொருவருக்குத் தேவைப்படுகிறது என்றுதானே இதற்கு அர்த்தம்?

பதில்: தம்பி, உங்கள் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் அரசு மருத்துவமனைகளில் ஐ.சி.யு. படுக்கைகள் குறைவு, யாரைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உண்மையாகவே இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் தீரும்போது வேறு விதமான சந்தேகம் வருகிறது. இருந்தாலும், உள்ளே இருப்பவரின் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு, அவருக்கு அது பயன் தருகிறதா, அவர் இதை விரும்பியிருப்பாரா என்பதைப் பொறுத்ததாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் வேறொரு மூத்த மருத்துவரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை மற்ற சிகிச்சைக்கு மாற்று அன்று, அதனுடன் சேர்ந்தே செல்வது. அது ஒவ்வொரு நாட்டின் மருத்துவ அமைப்பிலும் இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2014-இல் தீர்மானம் நிறைவேற்றியது; தென்னாப்பிரிக்காவும் 2017-இல் அதற்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்தது. அந்தக் குழுவைச் சந்தித்துப் பேசுவதால் எந்த மருந்தும் தானாக நிறுத்தப்படாது.

கேள்வி (டோங்காட்): மார்பின் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் மூச்சு நின்று சீக்கிரம் போய்விடுவார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கொடுத்தால் ஆபத்துதான், அது எந்த மருந்துக்கும் பொருந்தும். சிறிய அளவில் தொடங்கி, பலனைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டினால், மார்பின் மரணத்தை முன்னுக்கு இழுப்பதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச முடியாத நோயாளிக்கு எவ்வளவு தேவை என்பதை முகத்தையும் மூச்சையும் பார்த்துக் கணிக்கிறோம்: புருவம் நெரிகிறதா, மூக்கின் ஓரங்கள் விரிகின்றனவா, கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, நாடி வேகமாகிறதா என்று. இவை தணிந்ததும் அளவைக் கூட்டுவதை நிறுத்திவிடுவோம். உறவினர்களின் அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு: இறுதி மணி நேரத்தில்தான் மார்பின் தொடங்கப்படுகிறது, சற்று நேரத்தில் உயிர் பிரிகிறது, பழி மருந்தின் மேல் விழுகிறது. முன்பே தொடங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): வென்டிலேட்டரை எடுப்பது நாமே கொல்வதற்குச் சமம் அல்லவா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: இந்த நாட்டில் இதற்கு முக்கியமான முன்னுதாரணம் நம் டர்பன் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. 1992-இல் தீர்ப்பளிக்கப்பட்ட கிளார்க் எதிர் ஹர்ஸ்ட் வழக்கில், பல ஆண்டுகளாக நினைவு திரும்பாமல் கிடந்த ஒருவருக்குக் குழாய் வழியாகக் கொடுத்துவந்த உணவை நிறுத்துவது சட்டவிரோதம் ஆகாது என்று நீதிபதி கூறினார். உயிரைப் போக்கும் நோக்கத்தோடு ஊசி போடுவது வேறு. 2015-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் ஒருவருக்கு அதற்கு அனுமதி அளித்தது. மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2016-இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆக, பயனற்ற சிகிச்சையை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவதற்கு அனுமதி உண்டு, கொல்வதற்கு இல்லை.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கற்பனையில்தான் அச்சம் அதிகம். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அதை நிறுத்தி, அதன் தாக்கம் முழுவதும் நீங்கும்வரை காத்திருப்போம். இல்லாவிட்டால் நோயாளி திணறுவது வெளியே தெரியாது. மார்பினும், பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் மிடசோலமும் முன்கூட்டியே கொடுக்கப்படும். எச்சரிக்கை ஒலிகளை அணைத்து, திரையைத் திருப்பி வைப்போம். பிறகு ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அவர் இதமாக இருப்பதைப் பார்த்த பின்பே அடுத்த படிக்குப் போவோம். குழாயை எடுப்பதா, விட்டுவிடுவதா என்பதை அவரவர் நிலைக்கேற்ப முடிவு செய்யலாம். பலர் சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறார்கள். சிலர் ஓரிரு நாள்கள் இருப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் உயிர் போய்விடும் என்று எதிர்பார்த்து வந்த குடும்பங்கள் அந்தக் காத்திருப்பில் கலங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

கேள்வி (லேடிஸ்மித்): அப்பாவால் பேச முடியவில்லை. நாங்கள் நான்கு பிள்ளைகள், நால்வருக்கும் நான்கு கருத்து. பவர் ஆஃப் அட்டர்னி மூத்த அண்ணனிடம் இருக்கிறது. யார் சொல்வது செல்லும்?

பதில்: உங்கள் அம்மா இருக்கிறாரா? இருந்தால், சிகிச்சைக்கென வேறொருவரை அப்பா எழுத்து மூலம் நியமிக்காதவரை, அவர் சொல்வதுதான் செல்லும். 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு வரிசையையே தந்திருக்கிறது: நோயாளி எழுத்து மூலம் ஒருவரை நியமித்திருந்தால் அவர், இல்லாவிட்டால் வாழ்க்கைத்துணை, அடுத்து பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், கடைசியாக உடன்பிறந்தோர். நம் வீடுகளில் அம்மாவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மூத்த மகனும் மாமாவும் பேசுவது வழக்கமாகிவிட்டது. சட்டம் அதை ஏற்பதில்லை. வங்கிக்கும் சொத்துக்கும் எழுதிய சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, எழுதியவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததுமே செல்லாததாகிவிடும். சிகிச்சைக்கெனத் தனியாக எழுதிய நியமனம்தான் இங்கே உதவும்.

பிள்ளைகள் நால்வரும், தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒதுக்கிவைத்து, அப்பா இப்போது இந்த அறையில் நின்று தன் நிலையைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பேசத் தொடங்கினால், வேறுபாடு பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேள்வி (வெருலம்): எங்கள் வழக்கப்படி கடைசியில் வாயில் பால் ஊற்ற வேண்டும். ஐ.சி.யு.வில் அனுமதிப்பார்களா? விளக்கு ஏற்றலாமா?

பதில்: வாயில் குழாய் இருக்கும்போதோ, விழுங்கும் திறன் போன பிறகோ பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கித் திணறலை உண்டாக்கும். குச்சியில் செருகிய சிறு பஞ்சு தாதியரிடம் இருக்கும். அதைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, உதட்டிலும் நாக்கின் நுனியிலும் ஒவ்வொருவராகத் தொட்டு வைக்கலாம். வாய் வறண்டு கிடக்கும் நோயாளிக்கு உதட்டை நனைப்பதே ஒரு சிகிச்சை. ஆகவே இதற்குப் பெரும்பாலும் மறுப்பு இருக்காது. திருநீறு பூசலாம், கண்ணிலும் குழாய் ஒட்டியிருக்கும் இடத்திலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடவே கூடாது. மின்கல விளக்கு வைத்துக்கொள்ளலாம். தேவாரமோ திருப்புகழோ, கைப்பேசியைக் காதருகே மெல்லிய ஒலியில் வைத்து ஒலிக்கச் செய்யுங்கள். நினைவிழந்த நிலையிலும் கேட்கும் திறன் சிலரிடம் எஞ்சியிருக்கலாம். இறுதி மணி நேரத்தில் இருந்தவர்கள் சிலரின் மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதாகக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது.

கேள்வி (ஐசிபிங்கோ): தொண்டையில் கரகரவென்று சத்தம் வருகிறது. மூச்சு அடைக்கிறதா?

பதில்: விழுங்க முடியாததால் எச்சில் தேங்கி எழும் ஒலி அது. கேட்பவருக்குத்தான் வேதனை, முகம் அமைதியாக இருந்தால் நோயாளிக்குத் துன்பம் இல்லை என்றே கொள்ளலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். அடிக்கடி குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கச் சொல்லாதீர்கள், அதுதான் துன்பம்.

கேள்வி (லெனேசியா): தம்பிக்கு விபத்து. மூளைச்சாவு என்கிறார்கள், ஆனால் இதயம் துடிக்கிறது.

பதில்: மூளைச்சாவு என்பது கோமா அன்று, மூளை மீளாதபடி முற்றிலும் செயலிழந்த நிலை. வென்டிலேட்டர் ஆக்சிஜன் தருவதால்தான் இதயம் துடிக்கிறது. மருத்துவமும் சட்டமும் மூளைச்சாவை மரணமாகவே ஏற்கின்றன. உறுப்பு தானம் பற்றிய பேச்சு எழுந்தால், மாற்று அறுவைக் குழுவைச் சேராத இரண்டு மருத்துவர்கள் சோதித்து அறிவித்த பின்பே அடுத்த படி. வேறொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: விபத்தால் நேர்ந்த மரணத்தில் உடல் அரசுப் பிணவறைக்குச் சென்று பரிசோதனை முடிந்த பிறகே குடும்பத்திடம் வரும். தகனத்துக்கு நாள் குறிக்கும் முன் இதை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணன் பெர்த்திலிருந்து வரும்வரை அப்பாவை வென்டிலேட்டரில் வைத்திருக்கச் சொல்லலாமா?

பதில்: கேட்கலாம். ஓரிரு நாள்கள் என்றால் பெரும்பாலான மருத்துவர்கள் இணங்குவார்கள், அப்பாவின் வலி கட்டுக்குள் இருக்கும் நிலையில். ஆனால் கருவி இருந்தாலும் இதயம் காத்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. அண்ணன் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே மருத்துவரோடு நேரடியாகப் பேசட்டும், வந்து இறங்கியதும் "என்னைக் கேட்காமல் ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற சண்டை பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான் வருகிறது. காணொளி அழைப்பையும் இன்றே செய்துவிடுங்கள். கைப்பேசியைப் பிடித்துக்கொள்ளத் தாதியரைக் கேட்டால் உதவுவார்கள்.