மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை ஏன்?

கேள்வி: எனக்கு வயது 29, திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் மாட்டுத்தாவணி அருகே ஓர் உணவகத்தில் புரோட்டா மாஸ்டர். மாலை தொடங்கி நள்ளிரவு வரை அடுப்புக் கல்லின் முன்னால்தான் நிற்கிறார். விந்துப் பரிசோதனையில் அணுக்கள் குறைவாக இருப்பதால் சில மாற்றங்களைச் செய்யச் சொன்ன மருத்துவர், மூன்று மாதம் கழித்தே மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதமே பார்க்கக் கூடாதா? என்னுடைய பரிசோதனைகளையும் அதுவரை தள்ளிவைக்கலாமா?
— வாசகி, திருமங்கலம்

பதில்: அடுத்த மாதம் வெளிப்படும் விந்தணுக்கள், இன்றைக்கு முன்பே உருவாகத் தொடங்கியவை, எனவே இப்போது செய்யும் மாற்றத்தின் பலனை அவற்றில் முழுமையாகக் காண முடியாது.

விரைக்குள் நூலிழை போன்ற நுண்குழல்கள் சுருண்டு நிறைந்திருக்கின்றன. அவற்றின் சுவரை ஒட்டியுள்ள மூல செல்களில் ஒரு பகுதி, குன்றல் பகுப்பு என்னும் இரண்டு கட்டப் பிரிவுக்கு உள்ளாகி, 46 குரோமோசோம்களை 23 ஆகக் குறைத்துக்கொண்டு, ஒன்று நான்காகிறது. அப்போதும் அவை வாலில்லாத உருண்டைகளே. உட்கரு இறுகித் தலையாகி, வால் நீண்டு, மிகுதியான சைட்டோபிளாசம் (செல்லின் உள்ளே இருக்கும் கூழ்) கழிந்து, குழலின் நடுவே வந்து சேர்வதற்கு மொத்தம் ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. அதன் பிறகு, விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும், நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும் எபிடிடைமிஸ் என்ற குழாயில் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை தங்கிய பின்புதான் நீந்தும் திறன் வருகிறது. மருத்துவர் சொன்ன மூன்று மாதக் கணக்கு இதுதான்.

இந்தப் பணி நடப்பதற்கு உடலைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த வெப்பம் தேவை. விரைகள் வெளியே பையில் இருப்பது அதற்காகவே. அடுப்பின் முன் நிற்கும் நேரத்தைக் குறைப்பதும், தளர்வான பருத்தி உள்ளாடை அணிவதும், புகையிலையை விடுவதும் நல்லவை. ஆனால் அடுப்பு ஒன்றே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விரையின் இரத்த நாளங்கள் புடைத்திருக்கும் வெரிகோசில் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பரிசோதனைகளை மட்டும் தள்ளிவைக்க வேண்டாம். ஆணுக்கு விந்தணு நாள்தோறும் புதிதாக உருவாகிறது. பெண்ணுக்கோ, நீங்கள் உங்கள் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருந்திருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகவும், பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சமாகவும் அவை குறைந்துவிடுகின்றன. கருவிலேயே தொடங்கிய குன்றல் பகுப்பு பாதியில் நின்று, முட்டை வெளிவரும் மாதத்தில் தொடர்ந்து, விந்தணு உள்ளே நுழைந்தால் மட்டுமே நிறைவடைகிறது. அதாவது, இம்மாதம் வெளிவரும் முட்டைக்கு உங்கள் வயதைவிடச் சில மாதங்கள் கூடுதல். காத்திருப்பதால் அது புதுப்பிக்கப்படாது. ஆகையால் சினைப்பை ஸ்கேன், ஹார்மோன் சோதனை, கருக்குழாய்ச் சோதனை ஆகியவற்றில் உங்களுக்கு எவை தேவை என்பதை இப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மறுபரிசோதனையின்போது, விந்து வெளியேறி இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் இடைவெளி இருக்கட்டும். இரண்டு முடிவுகளையும் ஒப்பிட அது அவசியம்.