கருவை வைப்பதற்கு முன் பாலிப்பை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை ஐ.யூ.ஐ. (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்தும் கரு தங்கவில்லை. இப்போது ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்) சிகிச்சையில் கருமுட்டைகளை எடுத்து, மூன்று கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டிருந்த நாட்களில் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் 14 மில்லிமீட்டர் அளவில் ஒரு பாலிப் தெரிந்தது. அதை எடுத்த பிறகே கருவை வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். முந்தைய ஸ்கேன்களில் இது ஏன் தெரியவில்லை? மாதவிடாய் முடிந்து சில நாட்களில் சொட்டுச் சொட்டாக இரத்தம் படுவது இரண்டு வருடமாகவே உண்டு. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத் தண்ணீர் குடித்துவந்தேன். "கர்ப்பப்பையில் கத்தி பட்டால் பிள்ளை தங்காது, நம் தெருவில் ஒருத்திக்குப் பையையே எடுத்துவிட்டார்கள்" என்று மாமியார் அழுகிறார். எனக்கோ புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வருவதில்லை. அப்படியே கருவை வைத்துவிடக் கூடாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

எடுத்துவிடுங்கள். எத்தனை ஊசிகளுக்கும் எத்தனை அலைச்சலுக்கும் பிறகு கிடைத்த கருக்கள் அவை! இடத்தைச் சுத்தம் செய்யாமல் அவற்றில் ஒன்றை உள்ளே வைப்பதற்கு எனக்கு மனம் வராது.

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெத்தைபோல ஒரு படலம் மாதந்தோறும் வளர்ந்து, மாதவிடாயில் உதிர்கிறது. அதில் ஓரிடம் மட்டும் உதிராமல், சின்ன இரத்தக்குழாய் ஒன்றைச் சுற்றித் திரண்டு நிற்பதுதான் பாலிப். ஹிஸ்டெரோஸ்கோப்பியின்போது, அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும்போது, உப்புநீரைச் செலுத்திக் கர்ப்பப்பையை விரித்துப் பார்ப்போம். அந்தத் தண்ணீரில், குளத்துப் பாசி அசைவதுபோல, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சதைமொட்டு மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். மேலே தலைமுடி இழைபோலச் சிவப்பு இரத்தக்குழாய்கள் ஓடும். உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. கர்ப்பப்பையின் உள்ளறை மிகவும் சிறியது. அங்கே ஒரு கொண்டைக்கடலை பெரிய விஷயம். இடைநாட்களில் நீங்கள் பார்த்த இரத்தமும் பெரும்பாலும் இதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். வெந்தயத் தண்ணீர் கெடுதல் செய்யவில்லை, ஆனால் இரண்டு வருடம் போய்விட்டது. இதைப் படிக்கும் மற்ற சகோதரிகளுக்கும் சொல்கிறேன்: மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் பட்டால் சூடு என்று இருந்துவிடாதீர்கள், காட்டிவிடுங்கள்.

2005-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாலிப்புடன் ஐ.யூ.ஐ.க்குக் காத்திருந்த 215 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பாலிப்பை எடுத்தார்கள். எடுத்தவர்களில் சுமார் 51 சதவீதம் பேர் கருவுற்றார்கள். எடுக்காதவர்களில் சுமார் 25 சதவீதம். எடுத்த பிரிவில் கருவுற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் ஐ.யூ.ஐ. செய்வதற்கு முன்பே, தானாகவே கரு தங்கிவிட்டது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் இவ்வளவு உறுதியான சான்று இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் பாலிப் என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். சிறியவை சில நேரம் தானாகவே மறைவதுண்டு. உங்களுடையது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, இரத்தமும் படுகிறது.

முன்பே தெரியாமல் போனதற்கு யார்மீதும் கோபப்பட வேண்டாம். மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் அந்த மெத்தை தடித்து வெண்மையாகத் தெரியும். பாலிப்பும் அதே நிறம், அதற்குள் ஒளிந்துகொள்ளும். கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய நாட்களில் எடுக்கும் ஸ்கேனில்தான் தெளிவாகப் பிடிபடும். ஊசி போடும் நாட்களில் அடிக்கடி, அதுவும் சரியான நாட்களில் ஸ்கேன் எடுத்ததால் கண்ணில் பட்டிருக்கிறது.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். உங்கள் தெருப் பெண்ணுக்கு இருந்தது அநேகமாக ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையின் தசையில் வளரும் கட்டி. அதற்குச் சில சமயம் வயிற்றைத் திறக்க வேண்டிவரும், கர்ப்பப்பையையே எடுக்கவும் நேரலாம். பாலிப் தசைக்குள் வேர் விடுவதில்லை. வயிற்றில் கீறல் இல்லை, தையலும் இல்லை. பென்சிலைவிட மெல்லிய ஒரு குழாய், கருவை வைக்கும்போது செல்லும் அதே வழியாகத்தான் போகிறது. நுனியில் உள்ள கேமரா வழியே திரையில் பார்த்தபடியே, காம்பை அடியோடு வெட்டி எடுப்போம். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது, கிருமித்தொற்று போன்றவை நேரலாம், ஆனால் அரிது.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "கேமராவில் பார்த்து எடுப்பீர்களா, சுரண்டி எடுப்பீர்களா?" பார்க்காமல் சுரண்டும் பழைய டி அண்டு சி முறையில் பாலிப் அப்படியே தங்கிவிடலாம், நல்ல படலம் காயப்படலாம். கர்ப்பப்பையில் கத்தி பட்டால் பிள்ளை தங்காது என்ற பயம் அந்தக் காலத்துச் சுரண்டல்களிலிருந்து வந்ததோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

மாதவிடாய் முடிந்த கையோடு, படலம் மெல்லியதாக இருக்கும் நாட்களில் தேதி கொடுப்பார்கள். முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. நகைகளைக் கழற்றச் சொல்வார்கள், மின்கருவி பயன்படுத்தினால் உலோகம் உடலில் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மாமியாருக்கு மனம் கேட்காது என்றால் முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிறு மயக்கம் கொடுப்பார்கள், பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் மாதவிடாய் வலிபோல அடிவயிறு இழுக்கும், சில நாட்கள் லேசாக இரத்தம் படும். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு இரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புற்றுநோய் பயத்துக்காகத் தூக்கத்தை இழக்காதீர்கள். மாதவிடாய் நிற்காத பெண்களின் பாலிப்புகளில் அது மிகவும் குறைவு. இருந்தாலும் எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்புவது முறை. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, படித்துவிட்டு, அதன் பிறகே கருவை வைக்கும் தேதியைப் பேசுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த மாதவிடாய்ச் சுழற்சியிலோ அதற்கு அடுத்ததிலோ தயார்ப்படுத்தத் தொடங்குவார்கள். அதுவரை கருக்கள் என்ன ஆகுமோ என்ற கவலையும் உள்ளே இருக்கும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அவை இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு வயதாவதில்லை. இரண்டு மாதம் என்பது உங்களுக்குத்தான் நீளம்.

எடுப்பதற்கு முன்னும் பின்னும் திரையில் தெரிந்ததைப் பல மருத்துவமனைகளில் படமாகத் தருவார்கள். அதையும் கேட்டு வாங்கி மாமியாரிடம் காட்டுங்கள். அவர் அழுவதும் உங்கள் வயிற்றில் ஒரு பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றுதான். ஆய்வக அறிக்கை வந்ததும் எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.