வெள்ளம், டீசல், மாமனார்: பருவநிலை பற்றி எப்படிப் பேசுவது?

பதில் சொல்பவர் பினாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. தாமான் (குடியிருப்புப் பகுதி) கூட்டங்களிலும் கோவில் மண்டபங்களிலும் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசிவருகிறார்.

டீச்சர், எங்கள் தாமானில் வெள்ளம் என்று வாயெடுத்தாலே கூட்டம் இரண்டாகிவிடுகிறது. 'மலையை வெட்ட அனுமதி கொடுத்ததால்தான்' என்று ஒரு பக்கம். 'பருவநிலை மாற்றம், யாரால் என்ன செய்ய முடியும்' என்று இன்னொரு பக்கம். நான் எந்தப் பக்கம் பேசுவது? (குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், புக்கிட் மெர்தாஜாம்)

இரண்டு பக்கமும் பேசுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பினாங்கில் 7 பேர் இறந்தார்கள். அப்போது மாநிலத்தில் ஒரு கூட்டணி, மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் வேறொரு கூட்டணி. நிலம் மாநிலத்தின் கையில், பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்கான பணம் மத்திய அரசின் கையில். ஒருவரை ஒருவர் கைகாட்ட வசதியாகப் போய்விட்டது.

நம் ஊர்ச் சிக்கல் இதுதான். அமெரிக்காவில் அறிவியலையே மறுக்கும் கூட்டம் ஒன்று உண்டு. இங்கே அப்படி மறுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளம் வந்த மறுநாள் 'பருவநிலை மாற்றம்' என்று யாராவது சொன்னால், 'அரசாங்கத்துக்கு முட்டுக் கொடுக்கிறான்' என்றுதான் பாதிப் பேர் காதில் விழுகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. பருவநிலையைச் சாக்காகப் பயன்படுத்தும் அரசியல்வாதிகள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். 'சரிவுக்கும் சாக்கடைக்கும் பொறுப்பானவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்' என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் மழைக்கு வாருங்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். மழை எவ்வளவு என்பதில் பருவநிலைக்குப் பங்கு உண்டு, அது யார் வீட்டுக்குள் போகும் என்பதை வடிகாலும் வெட்டிய மலையும் முடிவு செய்கின்றன. 'பழைய மழைக்குக் கட்டிய வடிகால் இனி போதுமா?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிக்காரரும் தலையாட்டுவார்கள்.

குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் மாமனாருக்குப் பருவநிலை பற்றி வரைபடம், புள்ளிவிவரம் எல்லாம் அனுப்பினேன். மனிதர் இன்னும் பிடிவாதமாகிவிட்டார். (பொறியாளர், கோலாலம்பூர்)

பின்னே, இருபது உறவினர் பார்க்கும் இடத்தில் மருமகன் பாடம் நடத்தினால் எந்த மாமனார் 'ஆமாம்பா, நீ சொல்வது சரி' என்பார்? 2012இல் ஆய்வாளர் டான் கஹான் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. அறிவியலும் கணக்கும் நன்கு தெரிந்தவர்களிடம் பருவநிலை பற்றிய கருத்து வேறுபாடு குறையவில்லை, கூடியிருந்தது. கெட்டிக்காரர்கள் தங்கள் பக்கத்துக்கு வாதம் தேடுவதிலும் கெட்டிக்காரர்கள்.

தனியாக இருக்கும்போது அவரைக் கேளுங்கள்: 'மாமா, நீங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் வெயில் இப்படியா இருந்தது?' கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசட்டும்.

எரிமலைகள்தான் மனிதர்களைவிட அதிகமாகக் கரியமில வாயு விடுகின்றன என்று ஒரு தகவல் சுற்றுகிறது. எப்படி மறுப்பது? (மாணவி, பட்டர்வொர்த்)

உண்மையில் தொடங்குங்கள்: மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றுவது எல்லா எரிமலைகளும் சேர்ந்து விடுவதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அப்புறம் வதந்தியை ஒரே ஒரு முறை சொல்லி, அது எங்கே ஏமாற்றுகிறது என்று காட்டுங்கள்: எரிமலை வெடிப்பது கண்ணுக்குப் பிரமாண்டமாகத் தெரியும், தினமும் ஓடும் கோடிக்கணக்கான எஞ்சின்கள் தெரியாது. முடிக்கும்போது மறுபடி உண்மை. வதந்தியைத் தலைப்பில் போட்டு 'இது பொய்' என்று எழுதாதீர்கள் தங்கச்சி, தலைப்பு மட்டுமே மனதில் நிற்கும்.

பருவநிலை, பசுமை என்று சொல்லிக்கொண்டே டீசல் விலையை ஏற்றி எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள். இதில் நான் எதை நம்ப? (லோரி ஓட்டுநர், பிறை)

அண்ணே, கோபம் புரிகிறது. ஆனால் 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனபோது அரசாங்கம் முக்கியமாகச் சொன்ன காரணம் கடத்தலும் மானியக் கசிவும்தான். சரக்கு வண்டிகளுக்குத் தகுதி அடிப்படையில் ஃபிளீட் கார்டு (மானிய டீசல் அட்டை) வழியாகப் பழைய விலை தொடர்ந்தது. உங்கள் முதலாளி அதற்கு விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியில் எங்களைப் போன்றவர்களுக்கும் பாடம் இருக்கிறது. தீர்வு பிடிக்காவிட்டால் மனிதர்கள் பிரச்சினையையே மறுப்பார்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த ஓர் ஆய்வில், தீர்வாக அரசுக் கட்டுப்பாட்டைச் சொன்னபோது அரசுத் தலையீட்டை விரும்பாத குடியரசுக் கட்சியினர் பலர் அறிவியலை ஏற்கவில்லை. சந்தை வழித் தீர்வைச் சொன்னபோது ஏற்றவர்கள் கூடினார்கள். லோரி ஓட்டுநரிடம் போய் 'தியாகம் செய்யுங்கள்' என்று தொடங்குபவரை நான் மேடையிலிருந்து இறக்கிவிடுவேன்.

பனிக்கரடி படம் போடலாமா?

வேண்டாம். சாக்கடை நிரம்பிய உங்கள் தெருவின் படம் போடுங்கள்.

தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் இதைப் பேசினால் கோவில்காரர்கள் கோபிப்பார்களா? (பந்தல் குழு உறுப்பினர், ஜார்ஜ்டவுன்)

நீங்கள் பேசினால் கோபிக்க மாட்டார்கள், நான் வந்து பேசினால் கோபிக்கலாம். சொந்தக் கூட்டத்து ஆள் சொல்வதுதான் எடுபடும். அதற்கு விலையும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் பாப் இங்லிஸ் மனம் மாறி, கார்பன் வரியை ஆதரித்தார். 2010இல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சொந்தக் கட்சியின் முன்தேர்தலிலேயே தோற்றார். அதன் பிறகும் தன் கட்சிக்காரர்களிடமே போய்ப் பேசுவதை அவர் விடவில்லை.

பந்தலில் சொற்பொழிவு வேண்டாம். கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வந்தவரிடம் மோர் கொடுத்து, 'வெயில் எப்படி இருந்துச்சு?' என்று கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும்.

என்ன சொன்னாலும் 'எல்லாம் மேற்கத்திய சதி' என்பவரை என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். யேல் பல்கலைக்கழகக் குழு பருவநிலை பற்றிய கருத்தை வைத்து அமெரிக்கர்களை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறது. முற்றாக மறுப்பவர்கள் அங்கேயே ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். சத்தம் பெரிதாக இருப்பதால் கூட்டமும் பெரிதாகத் தெரிகிறது. அவரோடு வாதாடும் நேரத்தில், கூட்டத்தின் கடைசி வரிசையில் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் போய் அவர் வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.