வெளிநாட்டில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவருவது: ராயபுரத்து அண்ணனிடம் கேட்டவை

துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தாவா 27 வருஷம் வேலை பார்த்தவன் நான். மீனம்பாக்கம் கார்கோவிலும் அலைஞ்சிருக்கேன். முதல்ல சவப்பெட்டி எடுக்கப் போனது சொந்த சித்தப்பாவுக்கு. அப்புறம் தெருக்காரங்க கூப்பிட ஆரம்பிச்சாங்க. இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதிலும் இங்கே.

புது வண்ணாரப்பேட்டை சகோதரி: என் வீட்டுக்காரர் ரியாத்ல தூக்கத்துலயே போயிட்டாரு. நாலு நாள் ஆச்சு. கம்பெனியில "பேப்பர் ரெடியாகுது"ன்னு மட்டும் சொல்றாங்க. இங்க இருந்து நாங்க என்ன செய்யணும் அண்ணா?

அம்மா, உங்க பக்கத்துல இருந்து போக வேண்டியது ஒப்புதல் கடிதம். உடம்பை ஊருக்கு அனுப்பணும், அந்த வேலையை இன்னார் பார்க்கலாம்னு மனைவியா நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். நோட்டரி முத்திரையோட அனுப்புங்க. பேரு பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். தண்டையார்பேட்டையில ஒரு வீட்டுல ஆதாரைப் பார்த்து இனிஷியலோட எழுதிட்டாங்க. பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருந்துச்சு. அந்த ஒரு எழுத்துக்கு ஆறு நாள் போச்சு.

அங்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட், போலீஸ் பேப்பர், சவுதி மரணச் சான்று எல்லாம் வாங்கணும். அப்புறம் நம்ம தூதரகத்துல பதிவு, பாஸ்போர்ட் ரத்து, தடையில்லாச் சான்று. அதுக்கு மேல எம்பாமிங் (உடம்பு கெடாம மருந்து ஏத்துறது), கார்கோ புக்கிங். இதுக்கெல்லாம் ஓடுறவர் கம்பெனியோட மந்தூப், அதாவது ஆபீஸ் ஆபீஸா பேப்பர் வேலை பார்க்கிற ஆள். அவர் நம்பரை வாங்குங்க. "எப்போ வரும்"னு கேட்டா "நாளைக்கு"ன்னுதான் பதில் வரும். "எந்தப் பேப்பர்ல நிக்குது"ன்னு கேளுங்க. சவுதியில வெள்ளி, சனி லீவுங்கறதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

இழுத்தடிச்சா வெளியுறவுத்துறையோட மதத் (MADAD) இணையதளத்துல புகார் போடுங்க. நம்ம மாநில அரசோட அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் சொல்லுங்க, எழிலகத்துல இருக்கு. கட்டணமில்லா எண் 1800 309 3793. ஏர்வே பில் (கார்கோ புக்கிங் ரசீது) நம்பர் கைக்கு வராம எடுப்பு நேரத்தை யாருக்கும் சொல்லாதீங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் ஆர்டர் குடுக்காதீங்க.

கொருக்குப்பேட்டை தம்பி: குவைத் தீ விபத்துல இறந்தவங்க ரெண்டே நாள்ல வந்துட்டாங்க. எங்க மாமாவுக்கு மட்டும் ஏன் மூணு வாரம்?

2024 ஜூன் 12 மங்காஃப் தீயைச் சொல்றே. டி.என்.ஏ. பார்த்து அடையாளம் கண்டு, 14ஆம் தேதியே 45 பேரை விமானப்படை விமானத்துல கொச்சிக்குக் கொண்டு வந்தாங்க. அதுல ஏழு பேர் தமிழ்நாடு. நம்ம ராயபுரத்துக்காரர் ஒருத்தரும் இருந்தாரு. ரெண்டு அரசாங்கமும் நேரா இறங்கின விஷயம் அது. தனியா ஒருத்தர் போனா அந்த வேகம் கிடைக்காது. கோபம் நியாயம்தான், ஆனா ஒப்பிட்டுப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்காதே. உன் மாமா விபத்துல போனதா எழுதியிருக்கே. அப்படின்னா போலீஸ் விசாரணை முடிஞ்சாதான் விடுவாங்க.

வியாசர்பாடியிலிருந்து: செலவு யாருது? கம்பெனி எங்களைக் கட்டச் சொல்லுது.

கட்டாதீங்க. சவுதியிலயும் சரி, சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட்ல இருந்தாலும் சரி, அது முதலாளி பொறுப்பு. முதலாளியே காணோம், விசா முடிஞ்சு போச்சுன்னா, தூதரகத்துல இந்தியச் சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு. 2009ல ஆரம்பிச்சது. இல்லாத குடும்பம்னு காட்டினா அதுல இருந்து அனுப்புவாங்க. அடுத்தது, அவர் பாஸ்போர்ட்ல ஈ.சி.ஆர். (வேலைக்குப் போக எமிக்ரேஷன் அனுமதி வேணும்கிற குறிப்பு) இருந்து முறையா அந்த அனுமதி வாங்கிப் போயிருந்தா பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம் இருக்கும். விபத்துல இறந்தா 10 லட்சம். வெறும் 275, 375 ரூபா பிரீமியம்கறதால அந்தக் காகிதத்தை யாரும் பத்திரமா வெக்கிறதில்ல. பீரோவைத் தேடிப் பாருங்க.

ஒரு காலத்துல துபாய்ல இருந்து வர்ற பெட்டியைத் தராசுல வெச்சு கிலோவுக்கு இவ்வளவுன்னு வாங்கினாங்க. எங்க சித்தப்பாவையும் அப்படித்தான் நிறுத்தாங்க, பில்லுல எடை இருந்துச்சு. சித்தி அந்தப் பில்லைப் பார்க்காம மறைச்சு வெச்சேன். 2019ல ஏர் இந்தியா அமீரகத்துல இருந்து பெரியவங்களுக்கு 1,500 திர்ஹாம்னு ஒரே கட்டணமாக்கிச்சு.

ராயபுரம், கப்பல்காரர் மகன்: கப்பல்ல இறந்தா?

கப்பல் முதலாளி செலவு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கு, இந்தியா 2015ல ஏத்துக்கிச்சு. ஆள் எடுத்த ஏஜென்சியைப் பிடி. சி.டி.சி. (கப்பல்காரரோட பணிப் புத்தகம்), வேலை ஒப்பந்தம் ரெண்டுக்கும் நகல் எடுத்து வெச்சுக்க.

மண்ணடி பாய்: மச்சான் ஜித்தாவுல மவுத். அங்கேயே அடக்கம் பண்ணலாமா?

தாராளமா. அதுக்கும் வீட்டுல இருந்து சம்மதக் கடிதம் போகணும், அவ்வளவுதான். இந்துக் குடும்பங்க இதையே கேக்குறாங்க: சவுதியில தகனம் கிடையாது. அமீரகத்துல உண்டு. அங்க எரிச்சா தகனச் சான்றோட அஸ்தியைக் கொண்டு வரலாம்.

திருவொற்றியூர் சகோதரர்: ஏர்போர்ட்ல எங்க நிக்கணும்?

பயணிங்க வெளிய வர்ற வாசல்ல நிக்காதீங்க. பெட்டி வர்றது ஏர் கார்கோ பக்கம். ஏர்வே பில்லுல யார் பேரு இருக்கோ அவரே ஆதாரோட வரணும். மத்தவங்க வீட்டுல இருக்கட்டும், நாப்பது பேர் வேன் ஏறி வந்து கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கிறதைப் பார்த்திருக்கேன். கஸ்டம்ஸ் ட்யூட்டி கிடையாது. விமான நிலைய சுகாதார அலுவலகத்தோட அனுமதி 2023ல இருந்து இ-கேர்ங்கற இணையதளத்துல நடக்குது. மரணச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகத் தடையில்லாச் சான்று, ரத்தான பாஸ்போர்ட் நகல் நாலும் அதுல ஏறியிருக்கான்னு முதல் நாளே கேட்டுக்கோங்க. ஆணையரகத்துக்கு முன்னாடியே சொன்னா வீடு வரைக்கும் வண்டியும் அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க.

எர்ணாவூர் அக்கா: பெட்டியைத் திறக்கலாமா?

சாவுல சந்தேகம் இருந்தா திறக்காதீங்க. முதல்ல ஸ்டேஷன்ல புகார், மறு பிரேதப் பரிசோதனை வேணும்னு கேளுங்க. சந்தேகம் இல்லைன்னா திறக்கலாம். ஆனா மனசுல தைரியம் உள்ள பெரியவர் ஒருத்தர் முதல்ல பார்க்கட்டும். மரப்பெட்டிக்குள்ள ஜிங்க் தகடு அடிச்சு, பத்த வெச்சு ஒட்டி மூடியிருப்பாங்க. தகடு வெட்டுற கத்திரி இல்லாம ஆகாது. வெட்டினதும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். முகம் கறுத்து, கொஞ்சம் உப்பியும் இருக்கலாம். சின்னப் பிள்ளைங்களை அப்போ பக்கத்துல விடாதீங்க.

பெட்டி நம்ம சந்துக்கும் ஹவுசிங் போர்டு படிக்கட்டுக்கும் செஞ்சதில்ல. ஒருமுறை ரெண்டாவது மாடித் திருப்பத்துல சிக்கிக்கிச்சு. ஏத்தவும் முடியல, இறக்கவும் முடியல. கைப்பிடிக் கம்பியை அறுத்தோம். அதனால கீழயே சாமியானா போட்டு வெச்சிடுங்க. எரிக்கிறதுன்னா தகட்டோட எரிமேடையில ஏத்த முடியாது, உடம்பை மாத்தணும். புதைக்கிறதுன்னா மூலக்கொத்தளமோ காசிமேடோ, எந்த இடுகாடா இருந்தாலும் பெட்டி அளவை முன்னாடியே சொல்லிடுங்க. வழக்கமான குழி பத்தாது.

பழைய வண்ணாரப்பேட்டை: மாநகராட்சியில இறப்புச் சான்று தர மாட்டேன்றாங்க.

தர மாட்டாங்க. இறந்த இடத்துலதான் பதிவு. அந்த நாட்டுச் சான்றும் தூதரகப் பதிவும் போதும். வாரிசுச் சான்றுக்கு அதை வெச்சே தாலுகாவுல விண்ணப்பிங்க. அங்க நிக்கிற சம்பள பாக்கி, சர்வீஸ் பணம் வாங்க அது வேணும்.

பெயர் வேண்டாம் என்ற தம்பி: அண்ணனுக்கு கத்தார்ல ஹார்ட் அட்டாக். கல்யாணம் ஆகல. அம்மாவுக்கு இன்னும் சொல்லல, ஐ.சி.யு.ல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கோம். பெட்டி வர்ற அன்னிக்குச் சொல்லிக்கலாமா?

இன்னிக்கே சொல்லிடுப்பா. கல்யாணம் ஆகாத பையனுக்கு முதல் வாரிசு அம்மாதான். அந்தக் கடிதத்துல அவங்க கையெழுத்துதான் வேணும். என்னன்னு சொல்லாம வாங்கிட்டா, பின்னாடி அவங்க முகத்தை நீ பார்க்க முடியாது. பெரியம்மாவைக் கூப்பிட்டு வெச்சுக்க, அம்மாவோட பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு பாரு. சாயங்காலம் நான் வர்றேன், கடிதத்தை உக்காந்து எழுதலாம். அண்ணன் பாஸ்போர்ட் நகலை எடுத்து வை.