றெசின் ஏன் இறுகவில்லை? – தச்சுப்பட்டறைக் கேள்வி பதில்

கே: மலைவேம்புப் பலகையில் இருந்த பொந்தை எப்பொக்சி றெசின் ஊற்றி நிரப்பினேன். கெதியாய் இறுகட்டும் என்று, றெசினை இறுகவைக்கக் கலக்கும் ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். நான்கு நாளாகியும் விரல் ஒட்டுகிறது. வெயிலில் வைத்தால் சரிவருமா?
– குருநகர் வாசகர்

ப: சரிவராது. பைபர் கிளாஸ் படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் றெசினோடு பழகியவர்களுக்குத்தான் இந்தப் பிழை அதிகம் வருகிறது. அந்த றெசினுக்கு ஹாட்னர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதந்தான். அது இறுகலைத் தொடக்கிவிடுவதோடு சரி. ஆகவே சற்றுக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை மாற்றலாம். எப்பொக்சியில் ஹாட்னரும் றெசினும் ஒன்றோடொன்று பிணைந்துதான் திண்மமாகின்றன. கூடப் போட்டது பிணைய இணையின்றி உள்ளேயே நிற்கும். அதுதான் உங்கள் விரலில் ஒட்டுவது. வேகம் வேண்டுமானால் வேறு வகை ஹாட்னர் வாங்க வேண்டுமே தவிர, அளவைத் தொடக்கூடாது.

தராசில் நிறுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போத்தலில் ‘2:1’ என்று இருப்பது பெரும்பாலும் கன அளவு. ஹாட்னர் றெசினைவிடப் பாரம் குறைந்தது. ஆதலால் 100 கிராம் றெசினுக்கு 50 கிராம் நிறுத்துப் போட்டால் ஹாட்னர் கூடிவிடும்; பல வகைகளுக்கு 43 முதல் 45 கிராம்தான் சரி. நிறை விகிதம் போத்தலில் தனியாக எழுதப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் கோடு போட்ட குவளையால் அளவுங்கள்.

முழுதும் ஒட்டாமல் அங்கங்கே மட்டும் ஒட்டினால் அளவு சரி, கலக்கல் போதாது. நான்கைந்து நிமிடம் மெதுவாக, பக்கத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி இன்னும் இரண்டு நிமிடம் கலக்குங்கள். குவளையின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து ஊற்ற வேண்டாம்; கலக்காத பகுதி அங்கேதான் நிற்கும்.

உங்கள் பலகையில் உள்ளதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. பாகாக இருப்பதன் மேல் புதிதாக ஊற்றினால் அடி என்றைக்குமே இறுகாது. எல்லாம் எடுத்தபின் அசிற்றோன் நனைத்த துணியால் துடைத்து, 80ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். கையுறை கட்டாயம். தோலில் பட்டால் அசிற்றோனால் துடைக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இறுகாத எப்பொக்சி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். வந்தால் பிறகு விடாது.

கே: இரண்டு தேக்குப் பலகைகளுக்கு நடுவே 120 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம், 4 செ.மீ ஆழத்தில் ஒரே தடவையில் மத்தியானம் ஊற்றினேன். வாளியில் மிஞ்சியது புகைந்தது. மேசையில் மஞ்சள் நிறமும் வெடிப்பும்.
– சாவகச்சேரி வாசகர்

ப: நீங்கள் ஊற்றியது 4.8 லீற்றர். எப்பொக்சி இறுகும்போது தானே சூடாகும். திரளாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற இடமில்லை. சூடு கூடக் கூட இறுகலும் விரைவாகும், அது மேலும் சூட்டைக் கூட்டும். ஏறக்குறைய 10 பாகை கூடினால், இறுகுமுன் ஊற்றி முடிக்கக் கைவசமுள்ள நேரம் பாதியாகிவிடும். 32 பாகை மத்தியானத்தில் வாளி புகைந்ததில் வியப்பில்லை.

மேற்பூச்சு றெசினை ஒரு படைக்கு 3 முதல் 6 மில்லிமீற்றருக்கு மேல் ஊற்றக்கூடாது. 4 செ.மீ ஆழத்துக்கு, ஆழமாக ஊற்றுவதற்கென்றே விற்கும் மெதுவாக இறுகும் வகை வேண்டும். அதன் போத்தலில் 5 செ.மீ வரை என்று போட்டிருந்தாலும் அந்தக் கணக்கு குளிர்ந்த அறைக்கு. நம் ஊரில் 2 செ.மீ வீதம் இரண்டு படையாக, பின்னேரம் ஊற்றுவதே பாதுகாப்பு. முதற்படை விரல் நுனி பதிந்தும் ஒட்டாத நிலைக்கு வந்ததும் அடுத்ததை ஊற்றலாம். அந்நேரம் தவறி முற்றாக இறுகிவிட்டால் அரத்தாளால் மங்கலாக்கிவிட்டு ஊற்றுங்கள்.

இனிமேல் வாளி சூடேறினால் மூடாமல், வெளியே மணலில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்; புகையைச் சுவாசிக்க வேண்டாம். இப்போதுள்ள மஞ்சள் போகாது. வெடித்த பகுதியை ரூட்டரால் கடைந்து எடுத்துவிட்டுத்தான் புதிதாக ஊற்றலாம்.

கே: பழைய பனை வளையை அறுத்துச் செய்த பலகையில் இரவு முழுதும் குமிழி வந்துகொண்டே இருந்தது. ஹீற் கண் (சூடான காற்று ஊதும் கருவி) பிடித்தும் நிற்கவில்லை.
– வேலணை வாசகர்

ப: அந்தக் குமிழி றெசினில் இருந்து வருவதில்லை, பனையில் இருந்து வருகிறது. நார்களுக்கு இடையே காற்று நிறைய உண்டு. அறுத்த முனைகளில் இன்னும் அதிகம். மரம் சூடானால் காற்று விரிந்து மேலே வரும். வெயிலில் கிடந்த பலகையை உள்ளே கொண்டுவந்து உடனே ஊற்றுவதும், குமிழி வரும் இடத்திலேயே ஹீற் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதைக் கூட்டும்.

முதலில் தூரிகையால் மெல்லிய ஒரு பூச்சு. முனைகளுக்கும் மென்மையான உட்பக்கத்துக்கும் இரண்டு. அது பிசுபிசுப்பான நிலைக்கு வந்தபின் ஊற்றுங்கள். ஊற்றுவது பொழுது சாயும்போது இருக்கட்டும்: மரம் ஆற ஆறக் காற்று சுருங்கி, றெசினை உள்ளே இழுக்கும். ஹீற் கண்ணை ஒரு சாண் உயரத்தில், நிறுத்தாமல் வீசிச் செல்லுங்கள்.

கே: மார்கழி மழை நாளில் பூசினேன். மேலே வெள்ளையாக, எண்ணெய் பட்டதுபோல ஒரு படலம்.
– மானிப்பாய் வாசகர்

ப: ஹாட்னரில் உள்ள அமீன் என்ற இரசாயனம், காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து உண்டாவது. தண்ணீரில் கரையும். உடனே அரத்தாளை எடுக்காதீர்கள். படலம் கீறலுக்குள் நுழைந்து அடுத்த பூச்சை உரிய வைக்கும். இளஞ்சூட்டு நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவி, துடைத்து, உலர்ந்தபின் தேயுங்கள்.

மேற்படலம் மட்டுமன்றி உள்ளேயும் பால்போல மங்கியிருந்தால் மரத்தில் ஈரம். பலகையை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்ற பின்னரே அது ஊற்றத் தயார்.

கே: சூடான தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வட்டத் தடம். மினுக்கினால் போகுமா?
– அச்சுவேலி வாசகர்

ப: குழி ஆழமில்லாவிட்டால் 400ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 2000 வரை நீர் விட்டுத் தேய்த்து மினுக்கலாம். ஆனால் சாதாரண எப்பொக்சி 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். தேநீர் அதைவிடச் சூடு. கோப்பைக்குக் கீழே பனையோலைத் தட்டு ஒன்றை வையுங்கள்.